தோல்விக்கு வெற்றியின் வேடம்

சூதாடி வீடிழந்தவனைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் பங்குகளில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது: "அவனுக்கு மனவுறுதி போதாது." மறையுரை மேடையிலும் இது ஒலிக்கிறது, சூதாட்ட வணிகன் வாயிலும் இதுவே ஒலிக்கிறது. மேய்ப்பனும் ஓநாயும் ஒரே சொல்லைச் சொல்லும்போது மந்தை ஐயுறுவது நல்லது.

சுவிட்சர்லாந்தின் ஃபிரிபூர் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்ராம் சுல்ட்ஸ், குரங்குகளின் மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களை ஆராய்ந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. குறிப்பிட்ட அடையாளத்திற்குப் பின் சாறு தவறாமல் வரும் எனக் குரங்கு கற்றுக்கொண்டதும், அடையாளத்திற்கே துடித்தன; சாற்றுக்கு அசையவில்லை. சாறு கிடைக்குமா கிடைக்காதா என்பது சரிபாதி ஐயமாயிருந்தபோதோ, காத்திருக்கும் பொழுதெல்லாம் அத்துடிப்பு ஏறிக்கொண்டே போனது என்று 2003இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதினர். உறுதியான கூலியைவிட ஐயத்திற்குரிய பரிசு மூளையை ஏன் கட்டிப்போடுகிறது என்பதற்கு இதில் விடை தெரிகிறது.

இதைவிடக் கொடியது நூலிழையில் தவறும் தோல்வி. படங்கள் ஒத்து நின்றால் வெற்றி என்னும் ஆட்டத்தைக் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர். ஒரே கட்டம் தள்ளி நின்று தோற்றது ஆடியோருக்குக் கசந்தது. எனினும் வெற்றியின்போது விழித்தெழும் மூளைப் பகுதிகளே அப்போதும் விழித்தன. படத்தைத் தாமே தெரிந்தெடுத்திருந்தால், மீண்டும் ஆடும் வேட்கையும் வளர்ந்தது.

இத்தோல்வி தானாக நேர்வதன்று; உற்பத்தி செய்யப்படுவது. 1984இல் அமெரிக்காவில் இங்கே டெல்னேஸ் ஒரு காப்புரிமை பெற்றார். சூதாட்ட எந்திரத்தின் உருளையில் நம் கண்ணுக்குத் தெரியும் கட்டங்கள் சிலவே. முடிவைத் தீர்மானிப்பதோ உள்ளிருக்கும் கணினி எடுக்கும் எண். பெரும்பரிசுப் படத்திற்கு ஓர் எண்ணும், அதனை அடுத்த மேல், கீழ்க் கட்டங்களுக்குப் பல எண்களும் ஒதுக்கிவிட்டால் போதும். பரிசு கைநழுவிப்போவதாகவே அடிக்கடி தோன்றும். இந்தக் கண்ணியை வைத்தவனை விட்டுவிட்டு, சிக்கியவனின் மனவுறுதியையா அளந்துகொண்டிருப்பது?

பார்க்கின்சன் நோய்க்காக, டோபமினைப் போல் செயல்படும் மருந்துண்ட சிலர் திடீரெனச் சூதாட்டத்தில் வீழ்ந்ததையும், மருந்தை நிறுத்தியதும் மீண்டதையும் 2005இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். அவர்களுடைய ஒழுக்கம் மாத்திரையோடு வந்து மாத்திரையோடு போயிற்றா?

அப்படியானால் பாவமே இல்லையா என்பீர்கள். உண்டு. தனக்கும் பிறர்க்கும் வேண்டிய வாழ்க்கைத் தேவையைப் பறிக்கும் சூது தவறு என்றும், அதன் வேட்கை மனிதனை அடிமையாக்கக் கூடும் என்றும் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. அடிமை என்று சொன்னபின், ஆண்டையைத் தேட வேண்டாமா?

தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டு 2003இல் தடைசெய்யப்பட்டது. இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடுக்க நாடாளுமன்றம் 2025இல் சட்டம் இயற்றியது. நாமோ கெபி கட்டவும் கோபுரம் எழுப்பவும் இன்னும் குலுக்கல் சீட்டு விற்கிறோம். மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தானே தெரிந்தார்கள் என்று வாதிடுவோரும் உளர். அங்கே சீட்டுக்கு எவரும் பணம் கட்டவில்லை. சீட்டு விழாத யோசேப்பு, இன்னொன்று தாருங்கள் என்று கேட்கவுமில்லை.

அடுத்த திருவிழாக் கணக்கிலிருந்து குலுக்கல் வருவாயைப் பங்குப் பேரவை அடித்துவிடட்டும். கடனில் மூழ்கி ஒப்புரவுக்கு வருபவனிடம், இனி ஆடாதே என்பதோடு நில்லாமல், வீட்டுப் பணத்தை மனைவியிடம் ஒப்படைக்கவும் மனநல மருத்துவரைக் காணவும் சொல்லட்டும் நம் குருக்கள்.