சாம்பல் மேகமும் காத்திருக்கும் மனிதரும்

எத்தியோப்பியா எங்கே, திண்டிவனம் எங்கே! நடுவில் ஒரு கடலே கிடக்கிறது. ஆயினும் 2025-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அந்நாட்டின் அஃபார் பகுதியில் ஹைலி குப்பி என்ற எரிமலை வெடித்தபோது, அதன் விளைவு இரண்டே நாளில் சென்னை விமான நிலையம் வரை எட்டிவிட்டது. கடந்த 12,000 ஆண்டுகளில் அந்த மலை வெடித்ததாக எந்தப் பதிவும் இல்லையாம். தூங்கிய மலை திடீரென்று விழித்துச் சாம்பலைச் சுமார் 14 கிலோமீட்டர் உயரத்துக்கு வீசியது. மேற்காற்று அதை வாரிக்கொண்டு ஏமன், ஓமன் நாடுகளின் மேலாக வந்து, மறுநாள் இரவே குஜராத், ராஜஸ்தான், தில்லி வானத்தில் பரப்பியது. 25-ஆம் தேதி மாலைக்குள் அம்மேகம் சீனத்தை நோக்கி நகர்ந்துவிட்டது.

அந்தச் சாம்பல் நம் தமிழ்நாட்டு வானத்துக்கு வரவில்லை. இருந்தும் சென்னைக்கும் மும்பைக்கும் இடையே பறக்கவேண்டிய விமானம் ரத்தாயிற்று. காரணம், சாம்பல் பரவிய பாதையில் பறந்து வந்த விமானங்களைப் பரிசோதித்துப் பார்க்காமல் மறுபடி மேலே ஏற்றக்கூடாது என்று ஏர் இந்தியா நிறுவனம் அவற்றை நிறுத்திவைத்ததுதான். ஒரு விமானம் நின்றால், அது அடுத்தடுத்துப் போகவேண்டிய ஊர்களின் பிரயாணிகளும் நிற்கவேண்டியதுதானே!

இதை வகுப்பில் சொன்னபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சாம்பல்தானே டீச்சர்? ஊதினால் பறந்துவிடாதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பெயர்தான் சாம்பலே தவிர, அது அடுப்புச் சாம்பல் அன்று. அம்மி கொத்துகிறவர் உளியை வைத்துத் தட்டும்போது தெறிக்கிறதே கல்தூள், அதையும் நொறுக்கிய கண்ணாடியையும் கலந்து மாவாக அரைத்தால் எப்படி இருக்குமோ, எரிமலைச் சாம்பல் அப்படி இருக்கும். தண்ணீரில் கரையாது. ஜெட் என்ஜினுக்குள் இருக்கும் கடும் வெப்பத்தில் இந்தத் தூள் உருகிப் பாகாகிவிடும். பிறகு உள்ளே சுழலும் தகடுகளின்மேல் ஒட்டி இறுகும். காற்று போகும் வழி அடைபடும். என்ஜின் நின்றுபோகும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 1982 ஜூன் 24-ஆம் நாள் இரவு, கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், ஜாவாத் தீவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் புகுந்துவிட்டது. 37,000 அடி உயரத்தில், நான்கு என்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. உள்ளே 260-க்கும் அதிகமானோர் இருந்தனர். கேப்டன் எரிக் மூடியும் அவருடைய துணைவர்களும் விமானத்தை மிதக்கவிட்டபடியே, திரும்பத் திரும்ப என்ஜின்களை இயக்க முயன்றார்கள். சுமார் 12,000 அடிக்கு இறங்கிய பிறகே என்ஜின்கள் உயிர்பெற்றன. குளிர்ந்த பாகு உடைந்து உதிர்ந்ததே அதற்குக் காரணம். அத்தோடு முடிந்ததா? முன்கண்ணாடியைச் சாம்பல் தேய்த்தெடுத்திருந்ததால் ஓடுபாதை சரியாகத் தெரியவில்லை. அந்த நிலையிலும் ஜகார்த்தாவில் இறக்கினார்கள். ஓர் உயிரும் போகவில்லை.

விமானத்தில் ரேடார் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் அந்த ரேடார் மழை மேகத்தை, அதாவது நீர்த்துளியைக் காட்டுவதற்காக ஏற்பட்டது. உலர்ந்த தூளை அது காட்டாது. இருட்டில் விமானிக்கும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவேதான் இன்று உலகத்தை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு சாம்பல் எச்சரிக்கை நிலையம் வைத்திருக்கிறார்கள். ஹைலி குப்பியின் சாம்பல் எங்கே போகிறது என்று பிரான்சின் துலூஸ் நகர நிலையம் சொல்லிக்கொண்டே வந்தது. நம் நாட்டு விமானத் துறையும் அந்தப் பகுதிகளைத் தவிர்க்கும்படி விமானக் கம்பெனிகளுக்கு ஆணையிட்டது.

எனவே, "ஆபத்து ஒன்றும் நடக்கவில்லையே, எதற்காக நிறுத்தினார்கள்?" என்று குறை கூறுவோரோடு நான் உடன்படவில்லை. நடக்கவில்லை என்பது நிறுத்தியதன் பலன். நம் ஊரிலேயே இதைக் கண்டோம். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2-ஆம் தேதி காலை, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டவே, ரயில்களை நிறுத்தினார்கள். பல ரத்தாயின. சில காட்பாடி வழியாகச் சுற்றிப் போயின. பாலம் விழவில்லை. அதற்காக ரயிலை ஓட்டிப் பார்த்திருக்கலாம் என்று விழுப்புரத்தில் யாராவது சொல்வார்களா?

நிறுத்துவது சரி. நிறுத்தியபின் மனிதர்களை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் எனக்கு மனக்குறை.

நம் மாணவிகள் பலருடைய தந்தையரும் அண்ணன்மாரும் குவைத்திலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் உழைக்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகிறவர்கள். ஒருவர் திரும்பிப் போகும் நாளில் வீடு எப்படி இருக்கும் என்று இதைப் படிக்கும் தாய்மாருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் கட்டி, வாடகைக் கார் பேசி, குடும்பமே ஜி.எஸ்.டி. சாலையில் இரண்டரை மூன்று மணி நேரம் போய்த் திரிசூலத்தில் வழியனுப்புகிறது. கார் திரும்பிவிடும். அதன்பின் விமானம் இல்லை என்றால் அவர் எங்கே போவார்? கையிலுள்ள பணமோ அந்த ஊர்ப் பணம். வேலைக்குச் சேரவேண்டிய தேதியோ முதலாளி குறித்தது. அங்கே சொல்வது பாதி புரியும், பாதி புரியாது. சுற்றுலா போகிறவருக்கு ஒரு நாள் தாமதம் என்பது எரிச்சல். இவருக்கோ அது வேலையே போய்விடுமோ என்ற பயம்.

நம் நாட்டு விதிப்படி, இயற்கைச் சீற்றத்தால் விமானம் ரத்தானால் கம்பெனி நஷ்ட ஈடு தரவேண்டியதில்லை. டிக்கெட் பணத்தைத் திருப்பிப் பெறவோ வேறு விமானத்தில் போகவோ பிரயாணிக்கு உரிமை உண்டு. எரிமலை வெடித்ததற்குக் கம்பெனி என்ன செய்யும்? நஷ்ட ஈடு கேட்பது நியாயமில்லைதான். ஆனால் சோறும் தங்க இடமும் நஷ்ட ஈடு ஆகுமா?

இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் தெளிவான விடை கிடைத்தது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எய்யாஃப்யட்லயோகுட்ல் எரிமலை (இந்தப் பெயரை வகுப்பில் பிழையின்றிச் சொன்னவளுக்கு நான் ஒரு பேனா பரிசளித்தேன்) வெடித்தபோது, ஐரோப்பிய வானத்தின் பெரும்பகுதி ஏறக்குறைய ஒரு வாரம் மூடிக்கிடந்தது. சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின. ஆப்பிரிக்காவின் கென்யாவில், லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போகவேண்டிய ரோஜா மலர்கள் ஏற்ற விமானமின்றி அழுகின. அவற்றைப் பறித்துக் கட்டும் பெண்கள் கூலியின்றி வீட்டில் இருந்தார்கள். திண்டிவனம் தர்பூசணி லாரி சந்தைக்குப் போகாமல் நான்கு நாள் வெயிலில் நின்றால் யாருக்கு நஷ்டம் என்று நமக்குத் தெரியுமே!

அந்த வாரத்தில் போர்ச்சுகல் நாட்டின் ஃபாரோ நகரில் சிக்கிக்கொண்ட பெண்மணி ஒருவர், டப்ளின் திரும்ப ஏழு நாள் காத்திருக்க நேர்ந்தது. உணவுக்கும் விடுதிக்கும் பயணத்துக்கும் அவர் கையிலிருந்து சுமார் 1,130 யூரோ செலவாயிற்று. விமானக் கம்பெனி தர மறுத்தது. இது எவருமே எதிர்பாராத பேரிடர், விதிகளுக்கு அப்பாற்பட்டது என்றது. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. 2013 ஜனவரி 31-இல் தீர்ப்பு வந்தது. எரிமலைச் சாம்பல் அசாதாரணச் சூழ்நிலைதான், ஆகவே நஷ்ட ஈடு இல்லை. ஆனால் காத்திருப்பவருக்கு உணவும் தங்குமிடமும் கொடுக்கும் கடமை தீராது, எத்தனை நாளானாலும் தீராது என்று நீதிபதிகள் சொன்னார்கள். காத்திருக்கும் நாள் கூடக்கூட மனிதருக்குத் தேவையும் கூடுகிறது என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். இதுபோல் ஒரு விதி நமக்கும் வேண்டும் என்பேன். இதனால் டிக்கெட் விலை சிறிது ஏறும் என்பார்கள். ஏறட்டும். எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால், அகப்பட்டுக்கொண்ட ஒருவர் தரையில் படுக்கவேண்டியதில்லை.

இதைப் பேசும்போது ஹைலி குப்பியின் அடிவாரத்தையும் மறக்கக்கூடாது. நம் செய்தித்தாள்களில் விமான நிலையங்களைப் பற்றிப் பத்தி பத்தியாக வந்தது. அஃபார் பகுதி மக்கள் ஆடுமாடு, ஒட்டகம் மேய்த்துப் பிழைப்பவர்கள். உயிர்ச்சேதம் இல்லையென்றாலும், கிராமங்கள் சாம்பலில் மூழ்கி, மேய்ச்சல் புல் மறைந்து, கால்நடைகளுக்குத் தீனி இல்லாமல் போயிற்று. அவர்களுக்கு ரத்தாவதற்கு விமானமும் இல்லை, திரும்பக் கேட்க டிக்கெட் பணமும் இல்லை.

"செஞ்சி மலையும் எரிமலையா டீச்சர்?" என்றும் ஒருத்தி கேட்டாள். இல்லை. அது பூமிக்கு அடியிலேயே ஆறி இறுகிய மிகப் பழைய பாறை. பயப்படத் தேவையில்லை. நம் நாட்டில் உயிரோடு இருக்கும் எரிமலை ஒன்றுதான். அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு. நெடுங்காலம் அடங்கியிருந்து 1991-இல் விழித்தது. அதன்பின் பலமுறை புகைந்தும் கனன்றும் வருகிறது. 2025 செப்டம்பரிலும் சிறிதாக வெடித்தது. மனிதர் வாழாத தீவு. ஆனால் போர்ட் பிளேர் அங்கிருந்து 140 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து நாள்தோறும் விமானம் போகும் ஊர் அது. தமிழர் ஏராளமாக வாழும் ஊர். பாரன் தீவு ஒருநாள் பெரிதாக வெடித்தால் விமானங்கள் நிற்கும், நிற்கத்தான் வேண்டும். அன்று திரிசூலத்திலும் போர்ட் பிளேரிலும் கைக்குழந்தையோடு காத்திருக்கப்போகிறவர்களுக்குக் குடிநீர், பால், படுக்க ஓர் இடம், என்ன நடக்கிறது என்று தமிழில் எழுதிய ஓர் அறிவிப்புப் பலகை ஆகியவற்றை யார் தருவார்கள் என்பதை, மலை அமைதியாக இருக்கும் இப்பொழுதே தீர்மானித்து எழுதிவைக்க வேண்டும்.