நாமே திறந்த கணனிப் பெட்டி



சென்ற நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம் எங்கள் வீட்டுக் கணனி ஏறத்தாழப் படுத்துவிட்டது. சுவிட்சைப் போட்டுவிட்டு, கேத்தலை அடுப்பில் வைத்து, தேநீர் ஊற்றிக் குடித்து முடித்த பிறகுதான் திரை தெளியும். 2013இல் வாங்கிய பெட்டி அது. உயர்தரம் படிக்கும் இளைய மகள் அதன் முன்னால் உட்கார்ந்தாலே அழுகைதான்.

கடைக்குக் கொண்டுபோனோம். "ரெம்மும் வன்தட்டும் மாற்றினால் போதும் ராத்தா. பெட்டியை விட்டுவிட்டுப் போங்க, மூன்று நாளில் தருகிறேன்" என்றார் கடைத் தம்பி. மரியாதையான பிள்ளை. ஆனாலும் எனக்குத் திடீரென ஒன்று நினைவுக்கு வந்தது. மூத்தவளின் கல்யாண வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த படங்கள் எல்லாம் அந்த வன்தட்டில்தான் இருக்கின்றன. எங்களை நம்பி முகம் காட்டிய எத்தனையோ பெண்களின் அமானிதம் அது. "பிறகு வருகிறோம் தம்பி" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

"நாமே மாற்றுவோம் உம்மா" என்றாள் மகள். "இது பொம்பிளைகள் கைவைக்கிற சாமானா?" என்று மாமி கேட்டார். "உம்மா தையல் மெஷினைக் கழற்றி எண்ணெய் போடுகிறாவே, அது மட்டும் என்ன?" என்றாள் அவள். மாமியிடம் அதற்குப் பதில் இல்லை.

கைவைக்கும் முன்பே படங்களையும் பாடக்குறிப்புகளையும் வெளியில் இணைக்கும் வட்டு ஒன்றில் பிரதி எடுத்தோம். பழைய தட்டின் வேகத்துக்கு ஓர் இரவு முழுவதும் சென்றது. இந்த வேலையை ஒருபோதும் பின்போடாதீர்கள். பாகம் பழுதானால் கடையில் வாங்கலாம், படம் அழிந்தால் எங்கே வாங்குவது?

மறுநாள் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றி, கணனியின் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தோம். உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரம் வடிவதற்காக. பெட்டியைக் கம்பளத்தில் வைக்காமல் மரமேசையில் வைத்தோம். துணியில் உரசி நம் உடலில் சேரும் நிலைமின் நமக்குத் தெரியாமலே நுண்ணிய சில்லுகளைக் கெடுத்துவிடும். பெட்டியின் இரும்புச் சட்டத்தை அடிக்கடி தொட்டுக்கொண்டால் அது நீங்கிவிடும். கழற்றிய ஸ்குரூ ஆணிகளை ஒரு பீங்கானில் போட்டோம். எந்த வயர் எங்கே இருந்தது என்பதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டோம்.

ஒன்றை மட்டும் யாரும் திறக்கவே கூடாது. பிளக் வயர் வந்து சேரும் அந்த இரும்புப் பெட்டி, அதாவது பவர் சப்ளை. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

பழைய ரெம்மைக் கழற்றி, ஓர் உறையில் இட்டுக் கடைக்குக் கொண்டுபோனோம். எங்களுடையது டீ.டீ.ஆர். 3 வகை, 240 ஊசிகள் கொண்டது. டீ.டீ.ஆர். 4 என்றால் 288. நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றதன் குழியில் பொருந்தாது. மடிக்கணனியின் ரெம் இன்னும் குட்டையானது. பழையதைக் கையில் கொண்டுபோனால் பிழையான சாமான் வாங்கி ஏமாற வேண்டியதில்லை. 4 ஜீ.பி.க்குப் பதிலாக 8 ஜீ.பி. வாங்கினோம். வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. வாங்கினோம். பழைய தட்டினுள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை வட்டு சுழல, ஒரு முள் ஓடி ஓடித் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே இல்லை. வேகத்தின் இரகசியம் அதுதான்.

அதைப் பொருத்துவது இலகு. ஒடுக்கமான வயர் ஒன்று, அகலமான வயர் ஒன்று. இரண்டின் வாயும் ஒரு பக்கம் மடிந்திருப்பதால் தலைகீழாகப் போகாது. போகவில்லையென்றால் பலவந்தப்படுத்தாமல் திருப்பிப் பாருங்கள்.

பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுவிட்சைப் போட்டோம். காற்றாடி சுழன்றது, திரையோ கறுப்பாகவே கிடந்தது. என் நெஞ்சு திக்கென்றது. மாமி ஒன்றும் பேசவில்லை, பார்த்த பார்வையே போதும். மகள் மீண்டும் பிளக்கைக் கழற்றி ரெம்மைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு முனை பாதிதான் இறங்கியிருந்தது. பயத்தில் மெதுவாக அழுத்தியிருக்கிறோம்! இரண்டு பெருவிரல்களாலும் நேராக அழுத்தியதும் 'டிக்' என்று கொக்கி விழுந்தது. இம்முறை திரை ஒளிர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

விண்டோஸ் 10க்கு வழக்கமாகக் கிடைத்த இலவசப் பாதுகாப்பு உதவி 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 எங்களைப் போன்ற பழைய கணனிகளை ஏற்பதில்லை. ஆகவே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டை மகள் ஏற்றினாள். இப்போது கேத்தல் கொதிக்கும் முன்பே கணனி தயார்.

தாய்மாருக்கு ஓர் எச்சரிக்கை. கணனியில் திகதி அடிக்கடி பின்னோக்கிப் போனால், தாய்ப்பலகையிலுள்ள காசு போன்ற பற்றரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலும் சீ.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பற்றரிதான் இருக்கும். மாற்றுவது எளிது. ஆனால் கழற்றியதைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். அப்படி நடந்தால், அல்லது நடந்ததாகச் சந்தேகம் எழுந்தாலும், உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

பழைய வன்தட்டு இப்போது என் அல்மாரியில் இருக்கிறது. அழித்துவிட்டோம் என்று நினைக்கும் படங்களையும் தெரிந்தவர்கள் மீட்டெடுத்துவிடுவார்கள். ஆகவே பழைய கணனியை விற்கும்போதும், சும்மா கொடுக்கும்போதும் வன்தட்டை எடுத்துக்கொண்டு கொடுங்கள்.

எல்லாப் பழுதையும் வீட்டில் பார்க்க முடியாது. தெரியாத வேலைக்குத் தெரிந்தவரை நாடுவதில் வெட்கமும் இல்லை. அப்போதும் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளும் அளவுக்காவது நம் பெண்பிள்ளைகள் பழகியிருக்க வேண்டும். இருப்பதைத் திருத்திப் பாவிப்பது வீண்விரயத்தைத் தவிர்க்கும், பிறர் மானத்தையும் காக்கும்.

போன கிழமை மாமி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "என் ரேடியோவும் கொஞ்ச நாளாகக் கரகரக்குது, பிள்ளையிடம் சொல்லிப் பார்க்கிறியா?"

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.