வெதுவெதுப்பு போதுமா?



"நாங்க பரம்பரைக் கிறிஸ்தவங்க" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். ஞாயிறு ஆராதனை, காணிக்கை, கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி. அதோட கடமை முடிஞ்சது! விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் அக்காமார் காய்ச்சலில் படுத்தால் எட்டிப் பார்க்க ஆளில்லை. பைபிளில் வரும் லவோதிக்கேயா சபைக்கும் இதே வெதுவெதுப்பு வியாதிதான். தப்பு செய்கிறவனுக்காவது மனசு உறுத்தும். இவங்களுக்கு அதுவும் இல்லை.

ஐடா ஸ்கடருக்கு இல்லாத பரம்பரையா? தாத்தா, அப்பா இரண்டு பேருமே மிஷனெரி டாக்டர்கள். அவருக்கோ அமெரிக்காவில் வசதியாக வாழத்தான் ஆசை. நோயுற்ற அம்மாவைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று பேர் தனித்தனியாக வந்து, பிரசவ வலியில் துடிக்கும் மனைவியைக் காப்பாற்றக் கூப்பிட்டார்கள். ஆண் டாக்டரான அப்பா வேண்டாமாம். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அப்புறம்தான் அவர் டாக்டருக்குப் படித்து 1900-ல் திரும்பி வந்தார். 1918-ல் வேலூரில் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

நம்ம கதவை யாரும் ராத்திரியில் தட்டப்போறதில்லை. ஆராதனை முடிந்து வாசலில் ஊர்க்கதை பேசுகிற அந்த அரைமணி நேரத்தில், ஜீப் நிற்கும் தெருவில் நாலு வீட்டுக்குப் போய் விசாரிக்கலாமே?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி