வசனமே இல்லாத படமும் எங்கள் வீட்டு வாட்ஸ்அப் வாக்குவாதமும்

 

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரே வாக்குவாதம். அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகள் எல்லோரும் ஆலங்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் கூடியிருந்தபோது, 'ஃப்ளோ' என்ற அனிமேஷன் படத்தை டிவியில் போடச் சொன்னேன். 85 நிமிடப் படம். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. "ரஜினி படம் போட்டிருந்தா குடும்பமா பார்த்திருப்போம். அண்ணி ஊமைப்படத்தைப் போட்டு உக்கார வச்சுட்டாங்க" என்று என் கொழுந்தனார் எழுதினார். அங்கே ஆரம்பித்தது. குழுவில் பதில் எழுதினால் நீண்டுவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன். என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பலர் பெற்றோர்கள். உங்களுக்கும் இதில் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

படத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். லாட்வியா என்ற சிறிய நாட்டைச் சேர்ந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் என்ற இளைஞர் இயக்கியது. அந்த நாட்டின் மக்கள்தொகை 19 லட்சத்துக்கும் குறைவு. நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே 2011 கணக்கெடுப்பில் 16 லட்சம் பேர். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய 'பிளெண்டர்' என்ற மென்பொருளில்தான் படத்தை உருவாக்கினார்கள். 2025 மார்ச்சில் 'இன்சைடு அவுட் 2', 'தி வைல்டு ரோபோ' போன்ற பெரிய கம்பெனிப் படங்களைத் தாண்டி ஆஸ்கர் விருது வாங்கியது. லாட்வியாவுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அது.

கதை இதுதான். மனிதர்களே இல்லாத ஓர் உலகம். வெள்ளம் ஏறுகிறது. ஒரு பூனை தப்பித்து ஒரு பாய்மரப் படகில் ஏறுகிறது. அதில் பெருச்சாளி மாதிரி முகமும் ஆட்டுக்கிடா அளவு உடம்பும் கொண்ட கேப்பிபாரா என்ற பிராணி இருக்கிறது. பிறகு சாமான் சேர்த்து வைக்கும் ஒரு லெமூர், ஒரு நாய், இறக்கை ஒடிந்த ஒரு பெரிய பறவை என்று ஒவ்வொன்றாகச் சேருகின்றன. அவை மனிதர்கள் மாதிரி பேசாது, பாடாது. பூனை பூனையாகவே கத்தும், நாய் நாயாகவே குரைக்கும். கேப்பிபாராவின் சொந்தக் குரல் பொருந்தவில்லை என்று ஒட்டகக் குட்டியின் குரலை வைத்திருக்கிறார்கள். மற்றபடி பெரும்பாலும் அந்தந்த விலங்குகளின் குரல்கள்தான்.

இனி எங்கள் வீட்டுப் பார்வையாளர்கள். மொத்தம் 13 பேர். வங்கியில் வேலை பார்க்கும் கொழுந்தனார் பத்தாவது நிமிடம் கேட்டார்: "மனுஷங்கல்லாம் எங்க போனாங்க? அதைச் சொல்லவே இல்லையே?" இன்ஜினீயர் மருமகன், "கொஞ்சம் வேகமா ஓட்டட்டுமா அத்தை?" என்றார். என் நாத்தனார் தன் மகளுக்கு விளக்கவுரை சொல்லிக்கொண்டே வந்தார். "பாரு, பூனைக்குத் தண்ணின்னா பயம். இப்ப எல்லாரும் ஒத்துமையா இருக்கணும்னு சொல்றாங்க." ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பிள்ளை ஆரம்பத்தில் தானாக ஏதேதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம்மா முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. 35 வருடம் வகுப்பறையில் நின்றவளுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். விடை பெரியவர்களிடம்தான் இருக்கிறது, நாம் காத்திருந்தால் போதும் என்று ஒரு குழந்தை முடிவு செய்கிற பார்வை அது.

இன்னொரு மூலையில் என் மாமியார். வயது 84. 1991-ல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து எழுத்துக் கற்றவர். கையெழுத்துப் போடுவார், பஸ் போர்டு படிப்பார். ஆனால் வேறு மொழிப் படத்தில் சப்டைட்டில் ஓடும் வேகத்துக்கு அவரால் படிக்க முடியாது. அதனால் அந்த மாதிரிப் படம் என்றால் பாதியில் தூங்கிவிடுவார். அவருக்குப் பக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த என் பேரன், 9 வயது. தமிழ் புரியும், பேச வராது. வந்து ஒரு வாரமாகியும் பூட்டிக்கும் பேரனுக்கும் நடுவே "சாப்டியா" என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

அன்று இரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள், ஒரே இடத்தில் பயந்தார்கள். படகில் நாயும் பூனையும் ஒட்டிக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்ததும் மாமியார் சொன்னார்: "கஜா புயல் அன்னிக்கு ராத்திரி நம்ம கொட்டகையில இப்படித்தான். ஆடு, நாய், கோழி எல்லாம் ஒரே மூலையில நின்னுச்சுக. ஒண்ணை ஒண்ணு தொடலை." 2018 நவம்பர் 16. நம் பக்கத்துத் தென்னையும் பலாவும் ஒரே இரவில் சாய்ந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. ஆனால் பேரனுக்கு அப்போது 2 வயது, அதுவும் சிங்கப்பூரில். "கஜான்னா என்ன?" என்று கேட்டான். படம் முடிந்தபிறகு ஒரு மணி நேரம் அந்தக் கதைதான்.

கடைசியில் வெள்ளம் வடிந்துவிடுகிறது. நாங்கள் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டோம். தண்ணீருக்குள் வந்துபோய்க்கொண்டிருந்த திமிங்கலம் மாதிரி ஒரு பெரிய உயிர் தரையில் கிடப்பதைக் காட்டுகிறார்கள். மாமியார் உடனே, "அடடா, தண்ணி வத்துனது அதுக்குச் சாவால்ல போச்சு" என்றார். வசனம் இருந்திருந்தால் யாராவது ஒரு பாத்திரம் இதைச் சொல்லியிருக்கும். நாம் தலையாட்டிவிட்டுப் போயிருப்போம். இங்கே அதை ஒரு 84 வயதுக் கிழவி தானே கண்டுபிடித்துச் சொன்னார். "புரியலை" என்று எழுதிய கொழுந்தனாருக்கு இதைத்தான் நினைவுபடுத்த விரும்புகிறேன். உங்கள் அம்மாவுக்குப் புரிந்தது தம்பி.

வசனமில்லாத படம் நமக்குப் புதிதும் இல்லை. திருச்சியில் ரயில்வே வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் படக்கருவி வாங்கி ஊர் ஊராகப் போய்க் காட்டியது பேசாத படங்களைத்தான். அந்தக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை விளக்கிச் சொல்வதும் உண்டு. அந்த விளக்குநர் வேலையை இன்றும் நாம் விடவில்லை என்று நாத்தனாரைப் பார்த்ததும் தோன்றியது. 1987-ல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசனும் அமலாவும் நடித்த படம் ஞாபகம் இருக்கிறதா? படத்தில் ஒருவரும் பேசமாட்டார்கள். தமிழில் அதற்கு வைத்த பெயர் 'பேசும் படம்'. வேடிக்கைக்காக வைத்த பெயர் என்று அப்போது நினைத்தோம். யோசித்தால் சரியான பெயர்தான். திரையில் இருப்பவர்கள் பேசாவிட்டால் பார்க்கிறவர்கள் பேசுவார்கள். 2022-ல் நம் பள்ளிக்கல்வித் துறை அரசுப் பள்ளிகளில் சிறார் படங்கள் திரையிடத் தொடங்கியபோதும் சாப்ளினின் 'தி கிட்' படத்தைத்தான் முதலில் காட்டினார்கள். 1921-ல் வந்த அந்த மௌனப்படத்தை நம் பிள்ளைகள் பார்த்தார்கள்.

தொடக்கப்பள்ளிப் புத்தகத்தில் 'படம் பார்த்துக் கதை சொல்' என்று ஒரு பக்கம் வருமே, அதை நினைத்துப் பாருங்கள். ஒரு குளம், ஒரு மரம், ஒரு குரங்கு. முப்பது பிள்ளைகள் இருந்தால் முப்பது கதை வரும். அதே பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு வந்ததும், "இக்கதை உணர்த்தும் நீதி யாது?" என்ற கேள்விக்கு முப்பது பேரும் ஒரே வரியை எழுதுவார்கள். கோனார் உரையில் உள்ள வரி. பிறகு ஐம்பது வயதில் ஒரு படம் பார்த்துவிட்டு, "கடைசியில் என்னதான் சொல்ல வர்றாங்க?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் "புரியவில்லை" என்றால் "எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை" என்றுதான் பொருள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். படம் எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நடுவில் மெதுவாகத்தான் போகிறது. மருமகனுக்குச் சலித்தது என்றால் அது அவர் உரிமை. பேசாமல் இருப்பதாலேயே ஒரு படம் உயர்ந்ததாகிவிடாது. தமிழ்ப் பாடம் நடத்தி வாழ்ந்தவள், சொல்லின் அருமை எனக்கும் தெரியும். நான் சொல்வது குழந்தைகளைப் பற்றி மட்டும்.

படத்தில் ஓரிடத்தில் அந்தப் பறவை வெளிச்சத்துக்குள் மேலே மேலே போய் மறைந்துவிடுகிறது. 4 வயதுப் பேத்தி, "அது வீட்டுக்குப் போயிருச்சு" என்றாள். சிங்கப்பூர்ப் பேரன், "ஸ்பேஸ்" என்றான். மாமியார், "சாமிகிட்ட போயிருச்சு" என்றார். மருமகன் அது பூனையின் கனவு என்றார். நாத்தனார் மகள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அம்மா இன்னும் விடை சொல்லவில்லையே! எனக்கு வருத்தம் அதில்தான்.

ஆகவே என் மாணவச் செல்வங்களே, பிள்ளைகளோடு இப்படி ஒரு படம் பார்த்தால் "என்ன புரிஞ்சுது?" என்று கேட்காதீர்கள். அது பரீட்சைக் கேள்வி. "நீ என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். தப்பு, சரி என்று சொல்லாதீர்கள். தாத்தா பாட்டியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். 'பேசும் படம்', 'தி கிட்', பேச்சே இல்லாத ஆட்டுக்குட்டிப் படமான 'ஷான் தி ஷீப்' என்று நிறைய இருக்கின்றன. வெளிநாட்டில், வெளியூரில் இருக்கும் உறவுகளுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை. பிள்ளைக்குத் தமிழ் சரளமாக வரட்டும், பிறகு பாட்டியோடு பேசட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாட்டிகளுக்கு அவ்வளவு நாள் இல்லை.

பொங்கலுக்கு வரும்போது அடுத்த படம் போடுவேன். கொழுந்தனாருக்கும் அழைப்பு உண்டு.

உங்கள் வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். குறிப்பாகக் குழந்தைகள் சொன்னதை, திருத்தாமல் அப்படியே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்