தற்காப்பு என்னும் சொல்லில் விடுபட்ட வேற்றுமை

சற்று நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் வாசிக்கலாம்.

வீட்டுப் பாதுகாப்புக்கு எந்தத் துப்பாக்கி ஏற்றது என்னும் கேள்வி அமெரிக்கர்களுக்கு மட்டுமே உரியது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உள்துறை அமைச்சகக் கணக்குப்படி 2016ஆம் ஆண்டு இறுதியில் இந்தியாவில் நடப்பிலிருந்த படைக்கல உரிமங்கள் ஏறத்தாழ 33.7 இலட்சம். உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 12.7 இலட்சத்துக்கும் மேல். வடக்கே பல்கலைக்கழக விடுதிகளில் தங்கியிருக்கும் தமிழ் மாணவர்களுக்கு இது வியப்பளிக்காது. மேற்கு உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த என் விடுதித் தோழர் ஒருவர், தம் தந்தையார் வாங்க வேண்டியது ரிவால்வரா இரட்டைக்குழல் துப்பாக்கியா என்பதை, நம்மூரில் டிராக்டர் வாங்குவதைப் பற்றிப் பேசும் அதே தொனியில் பேசுவார்.

இதைப் பற்றி இப்போது எழுதக் காரணம் அசாம். 2025 மே மாதம் அசாம் அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. துப்ரி, நகாவ்ன், மோரிகாவ்ன், பார்பேட்டா, தெற்கு சல்மாரா–மான்கசார் முதலிய மாவட்டங்களில், எளிதில் தாக்குதலுக்கு உள்ளாகக்கூடிய பகுதிகளில் வாழும் 'மண்ணின் மக்களுக்கு' உரிமம் வழங்குவதில் தாராளம் காட்டப்படும் என்பதே அம்முடிவு. ஆகஸ்டில் இதற்கான இணைய வாயிலும் திறக்கப்பட்டது. தற்காப்புக்காகத் துப்பாக்கி என்பது தனிமனித விருப்பம் என்னும் நிலையிலிருந்து அரசின் கொள்கை என்னும் நிலைக்கு இங்கே நகர்ந்திருக்கிறது. ஆகவே அக்கேள்வியை ஒதுக்கிவிடாமல் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் தோழரின் ஐயம். 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அதற்கு ஏறத்தாழ விடை சொல்லிவிடுகிறது. குழலின் உட்புறம் வழுவழுப்பாகவும் குழலின் நீளம் 20 அங்குலத்துக்குக் குறையாமலும் உள்ள துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ ஒரு குடிமகர் கேட்டால், மறுப்பதற்குச் சட்டம் கூறும் தடைகள் இல்லாதவரை உரிமம் வழங்க வேண்டும். மற்ற வகைகளைக் கேட்பவரோ தமக்குத் தக்க காரணம் உண்டென்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். அதாவது, இடுப்பில் மறைத்துச் செல்ல முடியாத நீண்ட துப்பாக்கியையே சட்டம் வீட்டுக்குரியதாகக் கருதுகிறது. சட்டம் இயற்றியவர்களின் இந்தக் கணிப்பில் ஒரு நுட்பம் உண்டு என்றே நினைக்கிறேன். நீண்ட துப்பாக்கி வாசலைக் காக்கலாம். சந்தைக்குக் கூட வராது. ஆனால் தோழரின் ஊரில் மதிப்பு ரிவால்வருக்குத்தான். காரணம் பாதுகாப்பு அன்று, திருமண ஊர்வலம். 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததோடு, கொண்டாட்டத்தில் சுடுவதை ஈராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகத் தனியே எழுத நேர்ந்தது ஏன் என்று அவ்வூர்த் திருமணங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

எதை வாங்கினாலும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. தோட்டாக்களை வேறிடத்தில் வைத்து, துப்பாக்கியைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் குழந்தைகளுக்கு ஆபத்தில்லை. ஆனால் நள்ளிரவில் கதவு உடைபடும்போது அது கைக்கு வராது. தோட்டா நிரப்பித் தலையணைக்கடியில் வைத்தால் உடனே கைக்கு வரும்; அது வீட்டிலுள்ள எல்லார் கைக்கும் வரும். பாதுகாப்பாக வைக்கப்பட்ட துப்பாக்கி பாதுகாப்புக்கு உதவாது. உதவும்படி வைத்த துப்பாக்கி பாதுகாப்பானதன்று. எந்த விற்பனையாளரும் இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டியதில்லை. கலிபோர்னியாவில் பல ஆண்டுகள் நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வொன்று, கைத்துப்பாக்கி வைத்திருப்பவருடன் ஒரே வீட்டில் வாழ்வோர் கொலையுண்ணும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் என்று கண்டது. வாழ்க்கைத் துணையால் வீட்டிலேயே சுடப்படும் வாய்ப்பு ஏழு மடங்கு. அமெரிக்கத் தரவை அப்படியே நம் நாட்டுக்குப் பொருத்துவது முறையன்று. இங்கே துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பாலானவை உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளால் நிகழ்பவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், ஒரே கூரையின்கீழ் கோபமும் குடியும் துப்பாக்கியும் இருந்தால் என்ன ஆகும் என்பதை அறிய நாட்டெல்லை தடையாகாது.

'அவசரநிலைக்கு' என்றும் சொல்வார்கள். பொதுத் தேர்தல் அறிவிக்கப்பட்டால் பல மாவட்டங்களில் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். 2024இல் தேர்தல் நடத்தை விதிகள் மார்ச் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை நீடித்தன. ஊர் கொதித்திருக்கும் அந்த இரண்டரை மாதமும் வீட்டுக் காவலன் காவல் நிலைய அலமாரியில் உறங்குவான்.

இனி என் துறைக்கு வருகிறேன். தொல்காப்பியம் இரண்டாம் வேற்றுமைக்குரிய பொருள்களை அடுக்கும்போது காப்பு என்பதைத்தான் முதலில் வைக்கிறது. காக்கும் வினைக்குக் காக்கப்படும் பொருள் வேண்டும்: ஊரைக் காத்தான், பயிரைக் காத்தான். அச்சத்தைக் குறிக்கும் சொற்களுக்கோ ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் உரியன என்று அந்நூல் வேறோரிடத்தில் விதிக்கிறது: பாம்பின் அஞ்சினான், பாம்பை அஞ்சினான். எப்படிச் சொன்னாலும் அஞ்சப்படும் பொருளுக்கு இலக்கணம் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. தற்காப்பு என்னும் தொகைச்சொல்லிலோ காக்கப்படும் 'தன்னை' மட்டுமே உள்ளது. 'எதிலிருந்து' என்பது சொல்லப்படவே இல்லை. அச்சத்திலிருந்து பிறந்த சொல், அச்சத்தின் காரணத்தை மட்டும் வெளியே நிறுத்திவிட்டது. துப்பாக்கி வாங்குவோர் கடையில் விசாரிப்பது குழல், துளை, எடை, விலை. விடுபட்ட அந்த ஐந்தாம் வேற்றுமையை நிரப்பாமல் இவற்றுள் எதையும் முடிவு செய்ய இயலாது என்பது என் கருத்து.

தோழரின் தந்தையார் விண்ணப்பத்தில் எழுதவிருந்த காரணம் கொள்ளையர். பேச்சு வளர்ந்தபோது தெரிந்தது: அவர் அஞ்சுவது பங்காளியை. எல்லைக் கல் தொடர்பான வழக்கு கீழமை நீதிமன்றத்தில் பதினோராம் ஆண்டாக நடக்கிறது. பங்காளியும் உரிமதாரர். இனி அங்கே எந்தத் துளை அளவுள்ள துப்பாக்கியைப் பரிந்துரைப்பது? வேண்டாம் என்றுதான் சொன்னேன். நில அளவையருக்கும் வழக்குரைஞருக்கும் செலவிடட்டும் என்றேன். தோழர் சிரித்தார், நான் தெற்கத்தியன் என்பதால் இதெல்லாம் புரியாது என்பது அச்சிரிப்பின் பொருள்.

பெண்களுக்கென்று கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் அறிமுகப்படுத்திய 'நிர்பீக்' ரிவால்வரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தது. எடை அரைக் கிலோ, விலை ஏறத்தாழ 1.22 இலட்சம் ரூபாய். கைப்பைக்குள் வைக்கும் துப்பாக்கி, இருட்டில் எதிர்ப்படும் முன்பின் அறியாதவனை எதிரியாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளோ, பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அப்பெண்ணுக்கு அறிமுகமானவர் என்று ஆண்டுதோறும் சொல்கின்றன.

'அப்படியானால் குடிமக்கள் நிராயுதபாணிகளாகவே இருக்க வேண்டுமா?' என்று கேட்போரை எள்ளுவது தவறு. 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்களித்து இந்தியரை மட்டும் கட்டுப்படுத்தியது. அந்த இழிவின் நினைவால்தான் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தின் அடிப்படை உரிமைகளுள் ஆயுதம் ஏந்தும் உரிமையும் இடம்பெற்றது. 1948 டிசம்பரில் எச்.வி. காமத் அதை அரசமைப்புக்குள் கொண்டுவர முயன்றார், அம்பேத்கர் ஏற்கவில்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையே நமக்குக் கிடைத்தது. அம்பேத்கர் சரியான பக்கம் நின்றார் என்றே நான் கருதுகிறேன். என்றாலும் காமத்தின் கேள்வி அற்பமானதன்று.

துப்பாக்கி உண்மையிலேயே உயிர் காத்த இடங்களும் உண்டு. ஜம்முவின் மலையூர்களில் தீவிரவாதிகளின் தாக்குதலை அடுத்து 1995 முதல் ஊர்ப் பாதுகாப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டு, பழைய .303 ரைபிள்கள் கொடுக்கப்பட்டன. 2023 புத்தாண்டு நாளில் ரஜௌரி மாவட்டத்தின் டாங்ரி ஊரில் தொடங்கிய தாக்குதலில் ஏழு பேர் இறந்தனர். ஊர்க்காரர் ஒருவர் தம் ரைபிளால் திருப்பிச் சுட்டதால்தான் வந்தவர்கள் பின்வாங்கினர் என்று ஊரார் கூறினர். காவல் படை வந்து சேர நேரமெடுக்கும் மலையூர் அது. அங்கே நின்று அகிம்சை பேச எனக்குத் தகுதியில்லை. அதே குழுக்களைச் சேர்ந்த சிலர்மீது கொலை, வன்புணர்வு வழக்குகள் பதிவானதும் உண்மை. அரசு கொடுத்த ரைபிள் எல்லைக்கப்பாலிருந்து வருபவனுக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் வேறுபாடு அறியாது. இருந்தும் டாங்ரியில் 'எதிலிருந்து' என்பதற்கு விடை தெளிவாக இருந்தது: துப்பாக்கியோடு வந்த அயலார்.

அசாமில் அத்தெளிவு இல்லை. அறிவிக்கப்பட்ட மாவட்டங்கள் வங்காள மூல முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்பவை. ஆணையில் எதிரியின் பெயர் எழுதப்படவில்லை. எழுதத் தேவையும் இல்லை. உரிமம் யாருக்கு என்று சொன்னவுடனே யாரிடமிருந்து என்பது தானே நிரம்பிவிடுகிறது. அங்குள்ள சிறுபான்மை அசாமியர், பழங்குடியினரின் அச்சம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நிலம், மொழி, எண்ணிக்கை பற்றிய அச்சங்கள் அங்கே நூறாண்டு பழமையானவை. ஆனால் துப்பாக்கியால் சுட்டு மக்கள்தொகையை மாற்ற முடியாது. மனிதரைத்தான் கொல்ல முடியும். இன்றைய மோரிகாவ்ன் மாவட்டத்தில்தான் நெல்லி இருக்கிறது. 1983 பிப்ரவரி 18 அன்று சில மணி நேரத்தில், அரசுக் கணக்கிலேயே ஏறத்தாழ 1,800 பேர் அங்கு கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வங்காள மூல முஸ்லிம்கள்; பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. அம்மாவட்டத்தில் அஞ்சுவதற்குக் காரணம் உள்ளவர் யார் என்று அரசு ஒருபக்கம் மட்டும் கேட்டிருக்கிறது.

இதே அரசமைப்புக்குள் வேறொரு முன்மாதிரியும் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1995இல் இயற்றப்பட்ட விதிகளுள் மூன்றாம் விதியைப் படித்துப் பாருங்கள். வன்கொடுமை நிகழ வாய்ப்புள்ள பகுதியை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். தேவையெனில், அப்பகுதியில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் உரிமங்களை நீக்கி, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், பணியாளர், குடும்ப நண்பர்வரை அவ்விதி கணக்கில் கொள்கிறது. இதை எழுதியவருக்கு ஊர் தெரிந்திருக்கிறது. அடுத்து, உரிமமற்ற ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதன் பிறகே, தேவையெனில், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்குவது பற்றிய பேச்சு வருகிறது.

அவ்விதி இயற்றப்பட்டு ஈராண்டு ஆன பிறகுதான், 1997 டிசம்பர் முதல் நாள், பீகாரின் லக்ஷ்மண்பூர் பாதேயில் நிலவுடைமையாளர்களின் ரண்வீர் சேனை 58 தலித்துகளைக் கொன்றது. மூன்றாம் விதியைச் சுட்டி உரிமப் பிரிவின் மேசைமுன் நிற்கும் நிலமற்ற கூலித் தொழிலாளியையும், கைப்பேசியில் அசாமின் இணைய வாயிலைத் திறப்பவரையும் ஒருங்கே எண்ணிப் பாருங்கள். முன்னவரிடம் எழுத்தர் முதலில் கேட்பது 'உனக்கு எதற்கு?' என்பதாகவே இருக்கும். பின்னவருக்கான விடையை அமைச்சரவையே எழுதிக் கொடுத்திருக்கிறது.

விதியில் உள்ள வினைகளின் வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது: அடையாளம் காண், நீக்கு, பறிமுதல் செய், பிறகு வழங்கு. அசாம் முடிவில் முதல் வினையும் கடைசி வினையும் மட்டுமே இருக்கின்றன.