உண்மையைத்தானே சொன்னேன்!

போன வாரம் செங்கல்பட்டில் எங்கள் தெரு அன்பியக் கூட்டம். ஜெபமாலை முடிந்தது. மன்றாட்டு சொல்லும் நேரம் வந்ததும் ஓர் அம்மா ஆரம்பித்தார்: "மூணாவது தெருவுல ஒரு குடும்பம், பேர் சொல்ல விரும்பல. மருமக கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாளாம். அவங்களுக்காக வேண்டிக்குவோம்." பெயர் எதற்கு? மூன்றாவது தெருவில் நம்மவர் குடும்பம் இரண்டே இரண்டு. அதில் ஒரு வீட்டுப் பையனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. எல்லோரும் பக்தியாகக் கண்ணை மூடிப் பதில் சொன்னோம். நானும்தான். கூட்டம் முடிந்து டீ வந்தபோது எல்லோர் வாயிலும் அந்த மருமகள்தான்.

இதை நான் ஜெபம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். திண்ணையில் உட்கார்ந்து பேசினால் புறணி, ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் மன்றாட்டு என்று ஆகிவிடாது. திண்ணைப் புறணியாவது தன்னைப் புறணி என்று ஒத்துக்கொள்கிறது.

கேட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "நான் என்ன பொய்யா சொன்னேன்? உண்மையைத்தானே சொன்னேன்!"

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஞானோபதேச வகுப்பில் எங்கள் வாத்தியார் இரண்டு சொற்களைப் பிரம்பால் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுப்பார். ஒன்று 'கலோம்னி': ஒருவரைப் பற்றிப் பொய்யாகச் சொல்வது, நம் அவதூறு. மற்றது 'மெதிசான்ஸ்': ஒருவருடைய உண்மையான குறையை, தக்க காரணமில்லாமல், அதை அறியாதவரிடம் போய்ச் சொல்வது. இரண்டும் பாவம். பத்து வயதில் எனக்கு அது அநியாயமாகப் பட்டது. உண்மை எப்படிப் பாவம் ஆகும்? 1992ல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (அதை முதலில் எழுதியது பிரெஞ்சில்தான் என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை) 2477ஆம் எண்ணில் இதே பிரிவினையைத்தான் செய்கிறது. வள்ளுவர் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். யாக்கோபு தன் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் நாக்கை நெருப்போடு சேர்த்துப் பேசுகிறார். நாம் இதையெல்லாம் வாசகமாக வாசித்துவிட்டு, கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிடுகிறோம்.

ஒரு பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்று தெரிய வேண்டுமானால், மாமல்லபுரம் போகும் வழியில் கோவளத்தில் இறங்கி கார்மேல் மாதா கோயிலைப் பாருங்கள். 1808ல் அதைக் கட்டியவர் ஜான் டிமான்ட்டி என்ற போர்த்துக்கீசிய வணிகர். 1821ல் இறந்த அவரை அந்தக் கோயிலில்தான் அடக்கம் செய்தார்கள். பெரிய சொத்தைத் திருச்சபைக்கு, தருமத்துக்கு என்று எழுதி வைத்துவிட்டுப் போனவர். இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் நம் பேரப்பிள்ளைகளுக்கு என்ன நினைவு வருகிறது? பேய்! ஆழ்வார்பேட்டையில் அவர் பெயரில் உள்ள காலனியைப் பற்றி வாய்க்கு வாய் வளர்ந்த கதை 2015ல் சினிமாவாகவே வந்துவிட்டது. கொடுத்ததை மறந்தோம். அவர் வீட்டுத் துக்கத்தை மட்டும் இருநூறு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறோம்.

சரி, அடுத்தவர் கதை போதும். என் கதைக்கு வருகிறேன்.

சுமார் இருபது வருஷத்துக்கு முன்பு, நான் இன்னும் ஆபீஸில் கிளார்க்காக இருந்தபோது, இதே மாதிரி ஒரு கூட்டத்தில் ஒருவருக்காக நான் மன்றாட்டு சொன்னேன். தம்பி செத்த துக்கத்தில் கொஞ்ச நாள் குடித்துக்கொண்டிருந்தார். "அந்தச் சகோதரர் இந்தப் பழக்கத்திலிருந்து விடுபட" என்று உருக்கமாகச் சொன்னேன். நான் சொன்னது உண்மை. ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் பங்குப் பேரவைத் தேர்தலில் அவர் என்னைத் தோற்கடித்திருந்தார். அவருடைய மகளுக்கு மதுராந்தகம் பக்கத்தில் பேசி முடித்திருந்த சம்பந்தம் மூன்று வாரத்தில் நின்றுபோனது. அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவர் மாப்பிள்ளை வீட்டுக்கு உறவு.

அதன்பிறகு எத்தனையோ தவக்காலம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஆத்தும சோதனையில் கோபம், சோம்பல், பூசைக்குத் தாமதமாக வந்தது எல்லாம் ஞாபகம் வந்தது. இது மட்டும் வரவில்லை. ஏனென்றால் இதை நான் பாவக் கணக்கில் எழுதவே இல்லை, புண்ணியக் கணக்கில் எழுதியிருந்தேன். ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் கணக்குத் தலைப்பு மாறாமல் பதிவு செய்தவன் நான்!

போன தவக்காலத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்குப் பிறகு வேறு இடத்தில் கல்யாணமாகி நன்றாக இருக்கிறாள். அவர் காபி கொடுக்கச் சொன்னார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்டார்: "அன்னிக்கு இருபது பேர் முன்னாடி சொன்னீங்க. இன்னிக்கு எங்கிட்ட மட்டும் தனியா வந்து சொன்னா எப்படி சார்?"

அந்த இருபது பேரின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்து வருகிறேன். ஐந்து பேர் காலமாகிவிட்டார்கள். இரண்டு பேர் பிள்ளைகளோடு வெளியூர் போய்விட்டார்கள், போனில் சொன்னேன். நேற்று பார்த்தவர், "அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லையே" என்று சிரித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: "ஏன் இல்ல, குடிக்கிறாருன்னு சொன்னாரே, அவருதானே?"