கடன் யார் தலையில்?

அரசாங்கம் கடனில் மூழ்கிக் கிடக்கிறது. ஆகவே இலவச வைத்தியம், இலவச மருந்து, காப்பீடு என்று வாரி இறைப்பதை இனியேனும் நிறுத்த வேண்டும் என்கின்றனர் ஒரு சாரார். ஏழையின் உயிரைக் காப்பதிலா கணக்குப் பார்ப்பது என்று கேட்கின்றனர் மறு சாரார். 2022ஆம் ஆண்டு ஜூலையில் பிரதமர் மோடி அவர்கள் தேர்தல் இலவசங்களை ‘ரேவடி’ என்னும் வடநாட்டு எள் மிட்டாய்க்கு ஒப்பிட்டுப் பேசியதும், அடுத்த மாதமே உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ரமணா அவர்கள் முன்னிலையில் இலவசங்களைப் பற்றிய வழக்கு சூடுபிடித்ததும், தி.மு.க. தன்னையும் ஒரு தரப்பாகச் சேர்க்கக் கோரி மனுச் செய்ததும் வாசகர்கள் நினைவில் இருக்கலாம். வழக்கு மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. வாதமோ தேநீர்க் கடைகளிலும் இரயில் பெட்டிகளிலும் இன்றளவும் ஓயவில்லை.

இவ்வாதத்தில் இரு சாராருமே ஒரு கணக்கேட்டைத் திறப்பதில்லை என்பதே நமது குறை. அரசின் ஏட்டைப் புரட்டுகின்றனர். வீட்டின் ஏட்டைப் புரட்டுவதில்லை.

2021 ஆகஸ்ட் 9ஆம் நாள் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் அவர்கள் தமிழக அரசின் நிதிநிலை குறித்து வெள்ளை அறிக்கை வெளியிட்டார். மாநிலத்தின் கடன் 5.70 இலட்சம் கோடி ரூபாய். அதனைப் பங்கிட்டால் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் என்று அதில் கண்டிருந்தது. அந்த எண்ணைக் கண்டு பலரும் திடுக்கிட்டனர். 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டமோ, 2026 மார்ச் இறுதியில் அக்கடன் 9.29 இலட்சம் கோடியைத் தாண்டும் என்று மதிப்பிட்டது. அஞ்ச வேண்டிய தொகைதான், ஐயமில்லை. ஆயினும் அந்த 2,63,976 ரூபாயைக் கேட்டு எவரும் நம் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை. கதவைத் தட்டுகிற கடன் வேறு.

தருமபுரி மாவட்டத்து மொரப்பூரில் ஒரு கூலிக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மகன் பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருக்கிறான். தந்தைக்கு நெஞ்சுவலி. அரூர் அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம். 2008இல் தொடங்கிய தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். அல்லது இரயிலேறிச் சேலம் போகலாம். அங்கெல்லாம் வைத்தியத்துக்குக் காசில்லை. ஆனால் படுக்கையருகே இருப்பவரின் கூலி போயிற்று. போக்குவரத்துக்கும் உணவுக்கும் செலவாயிற்று. கூட்டத்தைக் கண்டோ, அவசரத்தை எண்ணியோ தனியார் மருத்துவமனையின் படியேறிவிட்டாலோ, முன்பணம் கட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு. உடனே தாயின் காதிலும் கழுத்திலும் இருப்பவை அடகுக் கடைக்குப் போகின்றன. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் வட்டி. அதுவும் போதாதபோது மகளிர் குழுக் கடன். நுண்கடன் நிறுவனங்கள் ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கும் மேலான வட்டியில்தான் பெரும்பாலும் கடன் தருகின்றன. தவணை நாளில் வசூலிப்பவர் வாசலில் வந்து நிற்பார். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்ற பெண்களும் எழுந்து போக முடியாது.

அரசு என்ன வட்டிக்குக் கடன் வாங்குகிறது? அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 7 விழுக்காடு. திருப்பிச் செலுத்தப் பத்தாண்டுகளும் அதற்கு மேலும் தவணை. ஆக, ஐம்பதாயிரம் ரூபாய் வைத்தியச் செலவை அரசு கடன் பட்டுச் செய்தால் ஆண்டு வட்டி மூவாயிரத்து ஐந்நூறு. அதே செலவு மொரப்பூர்க் குடும்பத்தின் மீது விழுந்து, அது மாதம் இரண்டு வட்டிக்கு வாங்கினால் பன்னிரண்டாயிரம். செலவைக் குறைத்துவிட்டோம் என்று அரசு கணக்கு எழுதும்போது கடன் மறைந்துவிடுவதில்லை. மலிவான தோளிலிருந்து இறங்கி, விலை மிகுந்த தோளில் ஏறிக்கொள்கிறது.

வட்டியை ஹராமெனத் தடுத்த மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இதில் இன்னொரு வேதனையும் உண்டு. வட்டிக்கு வாங்கக் கூடாது என்று மிம்பரில் நின்று சொல்கிறோம். வீட்டில் ஒருவர் உயிருக்குப் போராடும்போது ‘வாங்காதே’ என்று சொல்லிவிட்டு நாம் கையில் என்ன கொடுக்கிறோம்? ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலில் துண்டை விரித்து, வெளியூர் ஜமாஅத்தின் முத்திரையிட்ட கடிதத்தைக் காட்டிச் சிறுநீரக நோயாளிக்காகக் கையேந்துவோரைக் காணாத வாரம் உண்டோ?

கடன்பட்டு மவுத்தான ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அக்கடனைத் தீர்க்க அவர் ஏதும் விட்டுச் செல்லவில்லை என்றறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல், தோழர்களையே தொழச் சொன்னதும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழுவித்ததும் நாம் அடிக்கடி கேட்டறிந்த செய்தி. அதன் பிற்பகுதியை அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. வெற்றிகள் கிட்டிப் பொதுச் செல்வம் சேர்ந்தபோது, கடனோடு மரணிப்பவரின் கடன் தம்மைச் சார்ந்தது, அவர் விட்டுச்செல்லும் சொத்தோ அவருடைய வாரிசுகளுக்குரியது என்று அண்ணலார் அறிவித்தார்கள். தனி மனிதன் தாங்க முடியாத சுமையைப் பொது நிதி ஏற்பது புதிய கொள்கை அன்று. ஜகாத்துக்கு உரியவர் எண்மருள் கடன்பட்டோரையும் திருமறை ஒன்பதாம் அத்தியாயம் அறுபதாம் வசனம் சேர்த்திருக்கிறது.

அதனால் அரசு எல்லையின்றிக் கடன் வாங்கலாம் என்று பொருளாகாது. எதற்காக வாங்குகிறோம் என்பதே கேள்வி. அதற்கு விடை காண நாம் எங்கும் போக வேண்டாம், தருமபுரியிலேயே இருக்கிறது.

இம்மாவட்டத்தின் பாறை நிலத்தில் ஆழத் தோண்டிய கிணறுகளின் நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கேடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு மேற்பட்ட நீரைச் சிறு வயதில் அருந்தினால் பல்லில் பழுப்புக் கறை. பல்லாண்டுகள் அருந்தினால் எலும்பும் மூட்டும் இறுகி, குனியவும் நிமிரவும் இயலாத முடக்கம். தொழுகையில் ருகூவும் ஸஜ்தாவும் செய்ய முடியாமல் நாற்காலியில் அமர்வோர் எல்லாரும் முதுமையால் அப்படி ஆனவர்கள் அல்லர். முற்றிய நிலையில் இந்நோயைத் திருப்புவதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து இல்லை. மருந்து நல்ல தண்ணீர் ஒன்றே.

அந்தத் தண்ணீரைக் கொண்டுவர ஏறத்தாழ 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டது. ஜப்பான் நாட்டின் நீண்டகாலக் கடனுதவி பெறப்பட்டது. 2008 பிப்ரவரியில் முதலமைச்சர் கருணாநிதி அவர்கள் அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் கிளர்ச்சி எழுந்து தாமதமாயிற்று. 2013 மே மாதத்தில் முதலமைச்சர் ஜெயலலிதா அவர்கள் திறந்து வைத்தார். ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடித்தார் என்பது நம் மாநில அரசியலில் அரிதாகக் கிடைக்கும் காட்சி! தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நகரங்களுக்கும் ஆயிரக்கணக்கான குடியிருப்புகளுக்கும் காவிரி நீர் சென்றது. எல்லாக் குழாயிலும் எந்நாளும் நீர் வருகிறது என்று நாம் சொல்லவில்லை. கோடையில் பெண்கள் படும் பாடு தெரிந்ததே. ஆயினும் இது கடன். அரசின் ஏட்டில் பற்று எழுதப்பட்ட கடன். இதை ‘இலவசம்’ என்று இகழ எவருக்கு நா எழும்?

செலவைக் குறைப்பதென்றால் சேவையைக் குறைப்பதுதான் என்று எண்ணுவதும் பிழை. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டு, மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப் புள்ளி கோரி வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளின் வழியே ஆரம்ப சுகாதார நிலையம் வரை அனுப்பும் முறை ஏற்பட்டது. கடைவிலையில் ஒரு சிறு பங்குக்கே பல மருந்துகள் அரசுக்குக் கிடைத்தன. இராஜஸ்தான் அரசு 2011இல் இதே வழியைப் பின்பற்றியது. இங்கே குறைந்தது வணிகரின் இலாபம். நோயாளியின் மாத்திரை அன்று.

காப்பீட்டைப் பற்றி நமக்கு முழு மனநிறைவு இல்லை. 2009இல் ‘கலைஞர் காப்பீட்டுத் திட்டம்’ என்று தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து இலட்சம் வரை உதவும் அளவுக்கு வளர்ந்துள்ளது. இருதய அறுவைக்கு வழியற்று நின்ற எத்தனையோ பேர் இதனால் பிழைத்தனர் என்பதை மறுப்பது நன்றிகேடு. ஆயினும் அது படுக்கையில் விழுந்த பின்னர் வரும் உதவி. நாள்தோறும் விழுங்கும் சர்க்கரை மாத்திரைக்கும் இரத்தக் கொதிப்பு மாத்திரைக்கும் அது காசு தராது. கைக்காசு கரைவது பெரிதும் அவ்விடத்தில்தான். 2021 ஆகஸ்டில் பழைய தருமபுரி மாவட்டத்தின் பகுதியாயிருந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த ஓட்டையை அடைக்க வந்தது. இன்று தரும மாத்திரை, நாளை சிறுநீரகம் பழுதாகி வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்யும் செலவைத் தடுக்கும். இரண்டில் எது மலிவு என்று கேட்கப் பொருளாதார நிபுணர் வேண்டியதில்லை.

எச்சரிக்கைக்கு அண்டை நாடான இலங்கை இருக்கிறது. இலவச மருத்துவத்தில் ஆசியாவுக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்ட நாடு, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. அதற்குச் சற்று முன்னரே மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை மருத்துவமனையில் வழக்கமான அறுவைச் சிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. அந்நாட்டைக் கவிழ்த்தது ஆஸ்பத்திரிச் செலவா? அன்று. கடன் ஏறிக்கொண்டிருந்த வேளையில், 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைத்து வருவாயைத் தாமே வெட்டிக்கொண்டனர். பின் கொள்ளை நோய் வந்தது. மறுபக்கம், ஆண்டு உற்பத்தியைப் போல் இரு மடங்குக்கு மேல் போர்க்கடன் சுமந்திருந்த பிரிட்டன், 1948 ஜூலை 5ஆம் நாள் அனைவருக்கும் இலவச மருத்துவத்தைத் தொடங்கி, பின்னர் வந்த பத்தாண்டுகளில் அக்கடன் விகிதத்தையும் படிப்படியாகக் குறைத்தது. வரி விதித்து அதனைச் செய்தது என்பதை மறக்கலாகாது.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2025-26 திட்டத்தில் மக்கள் நல்வாழ்வுக்கு ஒதுக்கியது 21,906 கோடி. அதே ஆண்டில் வட்டிக்கென்றே கண்டிருப்பது ஏறத்தாழ எழுபதாயிரம் கோடி. மூன்று மடங்குக்கும் மேல். மாநிலங்கள் தம் செலவில் எட்டு விழுக்காட்டுக்கு மேல் நலவாழ்வுக்குத் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை வகுத்தது. தமிழகம் அதனை எட்டவில்லை. கஜானாவை விழுங்குவது ஊசியும் மாத்திரையும் என்போர் இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். 2024-25இல் டாஸ்மாக் வழியே அரசுக்கு வந்தது 48 ஆயிரம் கோடிக்கு மேல். ஒரு கையால் கல்லீரலைக் கெடுத்து மறு கையால் அதற்குப் படுக்கை போடும் இந்தக் கணக்கை எந்த வெள்ளை அறிக்கையும் நமக்கு விளக்கப்போவதில்லை.

வெட்டுவது எளிது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஓடத் தொடங்கிய சிற்றகல இரயில் 1941இல் நிறுத்தப்பட்டது. அப்பாதையை மீண்டும் அமைக்கும் முயற்சிக்கு ஒரு தலைமுறை அன்று, இரு தலைமுறைகள் காத்திருக்க நேர்ந்தது. சுகாதார நிலையங்களும் அப்படித்தான். செவிலியர் பணியிடத்தை ஓராண்டு நிரப்பாமல் விட்டால் மிச்சமாகும் ஊதியம் ஏட்டில் தெரியும். அந்த ஓராண்டில் பிரசவத்துக்குத் தனியாரிடம் சென்ற குடும்பங்களின் கடன் எந்த ஏட்டிலும் தெரியாது.

நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு சொல். பைத்துல்மாலில் இருந்து ஒருவரின் அறுவைச் சிகிச்சைக்குப் பத்தாயிரம் தருவது நற்செயலே. அதற்கு முன்பாக, மஹல்லாவில் எத்தனை குடும்பங்களிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறது என்று கணக்கெடுத்தது உண்டா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டோர் பெறலாம் என்று 2022இல் வரம்பு உயர்த்தப்பட்டது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் குடும்பத்தார் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். மொரப்பூரிலிருந்து போய் வர ஒரு நாள் கூலி போகும் என்பதாலேயே பலர் போவதில்லை. ஜமாஅத்தார் ஒரு வேன் அமர்த்தி, படித்த இளைஞர் இருவரைத் துணைக்கு அனுப்பி, இருபது குடும்பங்களை ஒரே நாளில் அழைத்துச் சென்று வரலாம். வேன் வாடகையைப் பைத்துல்மாலில் செலவு எழுதுங்கள்.